எதிராளி போட்ட துண்டு

அன்று தூறல் இருந்ததா, வெயில் காய்ந்ததா என்று இப்போது அடித்துச் சொல்ல முடியாது. மழை என்றுதான் சுபாஷ் சொல்கிறான். ஆனால் சுபாஷ் சொல்லும் எல்லாக் கதையிலும் மழை பெய்யும். மலர்விழியைக் கேட்டால் பதிலே வராது. ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவாள். அந்த மௌனம் முடிவதற்குள் கேட்டவர் டீ குடித்துவிட்டு வீட்டுக்கே போய்விடலாம். ஆகவே நினைவு வழுக்குகிற இடத்தில் வழுக்கிக்கொண்டே இந்தக் கதை போகும். அது மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை என்பதும், சுபாஷ் அடுத்த பூரிக்குக் கை நீட்டிய நேரத்தில் வக்கீல் நிர்மலா மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் என்பதும் மட்டும் நிச்சயம்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடைக்கு மேல்மாடியில் இருந்தது மலர்விழியின் துப்பறியும் நிலையம். மலர்விழி முன்பு கோர்ட்டில் அமீனாவாக இருந்தவள். சம்மன் வாங்காமல் ஒளிந்துகொள்பவர்களை வைக்கோல் போரிலும் குளியலறையிலும் தேடித் தேடிக் கண்டுபிடித்து, இதைச் சொந்தத் தொழிலாகவே செய்யலாமே என்று வெளியே வந்துவிட்டாள். சுபாஷ் வெள்ளிமலைக்குப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். அவனுடைய வாயைத் தாங்க முடியாமல் பஸ் முதலாளி அவனை இறக்கிவிட, மலர்விழி ஏற்றிக்கொண்டாள். அவளுடைய மௌனத்துக்கு அவன் வாய் ஈடுகட்டியது.

"அக்கா, நாளைக்கு மேல்முறையீடு" என்றாள் நிர்மலா, உட்காராமலே. "சப் கோர்ட்ல. என் கையில ஒண்ணுமே இல்ல."

"மொதல்ல பூரி சாப்பிடுங்க வக்கீலம்மா" என்றான் சுபாஷ். "கையில ஏதாச்சும் இருக்கும்."

நிர்மலா பூரியையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. நடந்ததை மூச்சுவிடாமல் சொன்னாள்.

சின்னப்பொண்ணு என்று ஒரு பெண்மணி. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் மேலே ஊர். மலையடிவாரத்தில் அவளுடைய அப்பா விட்டுப்போன பலாத்தோப்பு ஒன்று இருந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர் தனசேகரன் ஒருநாள் தன் வேலியை நகர்த்திப் போட்டார். மறுநாள் பார்த்தால் தோப்பு வேலிக்குள்ளே, சின்னப்பொண்ணு வேலிக்கு வெளியே. அவள் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். போன ஆனி மாதம் சாட்சி சொல்ல வேண்டிய வாய்தா. வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவளும் இல்லை, அவளுடைய பழைய வக்கீலும் இல்லை. அவர் திண்டிவனத்தில் ஏதோ புதுமனைப் புகுவிழாவில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாதி வரவில்லை, வழக்கு தள்ளுபடி.

"திரும்ப எடுக்கச் சொல்லி மனு போடலாமே?" என்றாள் மலர்விழி.

"போட்டாரு. அங்கதான் கூத்து. எங்க தொழில்ல வாய்தா தவறினா காரணம் எழுத ஒரு வழக்கம் இருக்கு. மொத தடவைன்னா மஞ்சள் காமாலை. மறுபடி தவறினா டைபாய்டு. அந்தம்மாவைக் கேக்காமலே மஞ்சள் காமாலைன்னு அடிச்சிட்டாரு. டாக்டர் சர்ட்டிபிகேட் எங்கன்னு ஜட்ஜ் கேட்டாரு. இல்ல. மனுவும் தள்ளுபடி."

"மலை ஏறி எறங்கற காலுக்கு மஞ்சள் காமாலையா!" என்றான் சுபாஷ். "சரி, புதுசா ஒரு கேஸ் போட்டுட்டா?"

"முடியாது. வாதி வராம தள்ளுபடி ஆன வழக்கை அதே காரணத்துக்கு மறுபடி போட சட்டத்துல எடம் இல்ல. இந்த மேல்முறையீடு போச்சுன்னா தோப்பு போச்சு. தோப்பு யாருதுன்னு ஒரு கோர்ட்டும் அப்புறம் கேக்கவே கேக்காது."

சுபாஷ் எடுத்த பூரியைத் தட்டில் வைத்தான். அவன் அப்படிச் செய்வது அபூர்வம்.

"அந்தம்மா இன்னா சொல்றாங்க?" என்றாள் மலர்விழி.

"அதைச் சொல்லவே கூச்சமா இருக்குக்கா. 'நான் கோர்ட்டுக்கு வந்தேன், பொழுதுக்கும் உக்காந்திருந்தேன்'ங்கறாங்க. கூடவே தனசேகரனும் பக்கத்துல உக்காந்திருந்தாராம். ஆனா அவரு இந்தம்மா அன்னிக்கு மலையை விட்டு எறங்கவே இல்லன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்காரு. அன்னிக்கு அவரு கோர்ட்ல இருந்ததுக்கு எல்லாரும் சாட்சி. இந்தம்மா இருந்ததுக்கு யாரும் இல்ல. எனக்கே ஒரு சமயம் சந்தேகம் வருது."

"கோர்ட் எப்படி இருந்துச்சின்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க. பெரிய ஹாலு, மேல மேடை, மேடையில கறுப்புக் கோட்டுக்காரங்க, பேர் பேரா கூப்ட்டாங்களாம். எல்லாம் சரியாதான் சொல்றாங்க. ஒண்ணுதான் இடிக்குது. மத்தியானம் கேசரி குடுத்தாங்களாம்."

மலர்விழி ஜன்னல் பக்கம் திரும்பினாள். கீழே சின்னசேலம் பஸ் புறப்பட்டுப் போனது. அடுத்த பஸ்ஸும் வந்து நின்று ஆள் ஏற்றியது. நிர்மலா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சுபாஷ் கண்ணாலேயே, பேசாதீங்க, யோசனை வெந்துக்கினு இருக்கு என்று ஜாடை காட்டினான்.

"எந்தக் கோர்ட்லயும் கேசரி குடுக்க மாட்டாங்க" என்றாள் மலர்விழி கடைசியில். "கல்யாண மண்டபத்துல குடுப்பாங்க. கறுப்புக் கோட்டும் கேசரியும் ஒண்ணா இருந்த மண்டபம் எது?"

நிர்மலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "ஐயோ! சட்ட முகாம்! போன ஆனியில சங்கராபுரத்துல ஒரு மண்டபத்துல இலவசச் சட்ட முகாம் நடந்துச்சிக்கா. நம்ம வக்கீலுங்க பாதிப் பேரு மேடையில ஒக்காந்திருந்தாங்க!"

சுபாஷ் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். தட்டிலிருந்த பூரியையும்தான்.

*

சங்கராபுரத்து மண்டபத்தில் அன்று நிஜமாகவே கல்யாணம். வாசலில் வண்டியை நிறுத்தியதுமே ஒரு பெண் ஓடிவந்து இருவர் மீதும் பன்னீர் தெளித்தாள். இன்னொருத்தி சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். பட்டுச்சட்டைக்காரர் ஒருவர் சுபாஷின் தோளைப் பிடித்து, "வாங்க வாங்க. மாப்ள வூடா, பொண்ணு வூடா?" என்றார்.

"கேசரி வூடுங்க" என்றான் சுபாஷ்.

அவர் அதை ஏதோ தூரத்து உறவென்று எடுத்துக்கொண்டு பந்திக்கு வழிகாட்டினார். நல்லவேளையாக மலர்விழிக்கு வேறு ஆள் அகப்பட்டார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் சின்னதுரை, இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, தண்ணீர் கேனோடு போய்க்கொண்டிருந்தார். சட்ட முகாம் என்று அவள் ஆரம்பித்ததுமே கேனைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய முகம் விளக்குப் போட்டதுபோல ஆயிற்று.

"அந்த நாற்காலிக் கதையா? வாங்க, வாங்க!"

இருவரையும் ஸ்டோர் ரூமுக்குள் கூட்டிப்போய், அடுக்கிவைத்த பாத்திரங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரும் இடத்தில் கருப்பாக ஒரு திட்டு. அதில் வெள்ளை நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது.

"பலாப்பால்" என்றார் பெருமையோடு. "மண்ணெண்ணெய் போட்டாக்கூட வர்ல. முகாம் அன்னிக்கு மலைக்கார அம்மா ஒண்ணு பழத்தோட வந்தது. காம்பு அறுத்த பழம், பால் ஒழுகிக்கினு இருக்குது. பழத்தை நாற்காலியில வச்சிட்டு அப்புறம் எடுத்துக் கீழ வச்சது. கூட வந்த ஆளு பாக்காம அது மேலயே உக்காந்துட்டாரு. கொஞ்ச நேரம் கழிச்சி போன் வந்துது. விருட்டுன்னு எழுந்தாரு பாருங்க."

சின்னதுரை உட்கார்ந்து எழுந்து காட்டினார். நாற்காலியைத் தன் பின்பக்கம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்படியே நான்கடி நடந்தும் காட்டினார்.

"ஆளும் எழுந்தாரு, நாற்காலியும் எழுந்துச்சி! மேடையில இருந்த வக்கீலுங்கல்லாம் எழுந்துட்டாங்க. நான்தான் பின்னாடி போய் நாற்காலியை இழுத்தேன். வேட்டி டர்ருன்னுச்சி. அந்த மனுசன் யாரையும் நிமிந்துகூடப் பாக்காம ஓடினாரு."

சுபாஷ் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும், "ஆளு எப்படி இருப்பாருண்ணே? மூஞ்சி ஞாபகம் இருக்கா?" என்றான்.

"மூஞ்சியை யாருப்பா பாத்தது? மண்டபம் மொத்தமும் அவரு பின்னாடியைத்தான பாத்துக்கினு இருந்தது!"

"அந்தம்மா?"

"அது எழுந்திருக்கவே இல்ல. அந்த ஆளு ஓடறதுக்கு முன்னாடி நாற்காலி மேல துண்டைப் போட்டுட்டு, 'டீ குடிச்சிட்டு வரேன், எடத்தைப் பாத்துக்கோ'ன்னுட்டுப் போனாரு. இந்தம்மா பாத்துக்கினே இருந்தது. முகாம் முடிஞ்சி, மைக்கு கழட்டி, நாற்காலியெல்லாம் அடுக்கியாச்சி. இது ரெண்டு மட்டும் நடு ஹால்ல. ஒண்ணுல அது, இன்னொண்ணுல துண்டு. 'ஆளு வருவாரு, துண்டு கெடக்குதே'ங்குது. கடைசியில துண்டை மடிச்சி எடுத்துக்கினு போச்சி. பழத்தை எங்களுக்குக் குடுத்துட்டுப் போச்சி. தேனு!"

வெளியே வந்ததும் சுபாஷ் வண்டியைத் தட்டிக்கொடுத்தான். "முடிஞ்சுதுக்கா! சின்னதுரை அண்ணன் சாட்சி. அந்தம்மா மலையை விட்டு எறங்கினாங்க. தனசேகரன் சொன்னது பொய்."

மலர்விழி சந்தனத்தைத் துடைத்துக்கொண்டே தலையை ஆட்டினாள். "இதோட நிறுத்தினா கேஸ் இன்னும் கெட்டுடும். அந்தம்மா இங்க இருந்தாங்கன்னு மட்டும் சொன்னா ஜட்ஜ் இன்னா நெனைப்பாரு? கோர்ட்டுக்கு வர வேண்டிய நாள்ல முகாமுக்குப் போய் கேசரி சாப்ட்டுக்கினு இருந்தாங்கன்னுதான? காமாலைன்னு பொய் வேற சொன்னதா ஆயிடும். கூட வந்தது தனசேகரன்தான், போன் வந்ததும் அந்தம்மாவை இங்க வுட்டுட்டு கோர்ட்டுக்கு ஓடினதும் அவருதான்னு நிக்கணும். அதுக்கு சாட்சி சொல்ற ஒரே ஆளு முதுகை மட்டும் பாத்திருக்காரு."

சுபாஷின் சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ துண்டு?" என்றான்.

"ஏறு" என்றாள் மலர்விழி. பிறகு திரும்பிப்போய்ச் சின்னதுரையிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தாள். என்ன சொன்னாய் என்று சுபாஷ் கச்சிராயபாளையம் வரைக்கும் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டினான். அவள் வயலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

*

கரியாலூர் வளைவுகளில் சுபாஷுக்கு ஒவ்வொரு திருப்பமும் பெயரோடு தெரியும். இங்கேதான் ஒரு மாமா பல்செட்டைக் காற்றில் விட்டார், இங்கேதான் ஒரு சேவல் டிக்கெட் இல்லாமல் இறங்கியது என்று சொல்லிக்கொண்டே ஏற்றினான். காற்று குளிர்ந்தது. வெள்ளிமலையைத் தாண்டி, தார் முடிந்து மண் தொடங்கிய இடத்தில் சின்னப்பொண்ணுவின் வீடு. வாசலில் பாயை விரித்துப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஐம்பதைத் தாண்டிய, உறுதியான கைகள் கொண்ட பெண். வக்கீலம்மா அனுப்பியவர்கள் என்றதும் பாயின் மறுபக்கத்தைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"தனசேகரன் எப்படிம்மா உங்களைக் கூட்டிக்கினு போனாரு?" என்றாள் மலர்விழி.

"கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல எறங்கி நிக்கறேன். காரு வந்து நின்னுது. அந்தாளுதான். 'இன்னா சின்னப்பொண்ணு, கோர்ட்டு எங்கன்னு தெரியுமா? மாவட்டம் ஆனதுல இருந்து ஆபீஸெல்லாம் மாத்திக்கினே இருக்கறான். இன்னிக்கி நம்ம கேஸு சங்கராபுரத்துல. நானும் அங்கதான் போறேன், ஏறு'ன்னாரு. நான் அதுக்கு மின்ன கோர்ட்டுப் படி ஏறினதே இல்ல."

"நம்பிட்டீங்களா?"

"அந்தாள நம்பல கண்ணு. அந்தாளு உக்காந்ததை நம்பினேன்." சின்னப்பொண்ணு புளியைக் கீழே வைத்தாள். "எதிராளி எங்க உக்காந்திருக்கறானோ அங்கதான கேஸு நடக்கும்? அவன் வேலை வெட்டிய வுட்டுட்டு வேற எடத்துல போய் உக்காருவானா? நான் எழுந்து போய்ட்டு, அந்த நேரம் பேரு கூப்ட்டுட்டா?"

யோசித்துப் பார்த்த சுபாஷுக்கு அதில் ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

"டீ குடிக்கப் போனவரு வரலையே?"

"துண்டு கெடந்துதே தம்பி. துண்டு போட்டுட்டுப் போனவன் வராம இருப்பானா?"

"வாஸ்தவம்" என்றான் சுபாஷ், கண்டக்டரின் கௌரவத்தோடு. "எங்க பஸ்ஸுல ஜன்னல் வழியா துண்டு வுழுந்துட்டா அந்த சீட்டு ஊராட்சித் தலைவரு வந்தாலும் நகராது. துண்டுக்காக மண்டை ஒடைஞ்சதெல்லாம் நான் பாத்திருக்கேன்." பிறகு நெருங்கி உட்கார்ந்தான். "அந்தத் துண்டு இப்ப எங்கம்மா?"

"உள்ளதான் வச்சிருக்கேன்."

"உள்ளயா! இதை ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"துண்டைப் பத்தி யாரு கேட்டாங்க? காமாலை வந்துதான்னு மட்டும் கேட்டாங்க. எனக்கு வர்ல."

உள்ளே போய் ஒரு துணிப்பையை எடுத்து வந்தாள். பைக்குள் துவைத்து மடித்த மஞ்சள் துண்டு. பச்சைக் கரை, ஓரம் முழுக்கச் சரிகை மாங்காய். சாதாரணக் கடையில் வாங்கியது அல்ல. ஒரு மூலையில் மட்டும் பழுப்புக் கறை போகாமல் நின்றிருந்தது.

"எண்ணெய் தேய்ச்சிப் பாத்தேன், அந்த மூலை மட்டும் போகல. அடுத்த வாய்தாவுல கையில குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்கப்பறம் வாய்தாவே வர்ல."

சுபாஷ் எழுந்தே விட்டான். "அக்கா, இதை நாளைக்கி கோர்ட் பெஞ்சுல போடுவோம். நாம தூண் பின்னாடி நிப்போம். ஆளு வந்து எடுத்தாருன்னா, கபால்னு..."

"அதெல்லாம் வேணாம்" என்றாள் சின்னப்பொண்ணு. குரல் உயரவில்லை, ஆனால் பை அவள் மடிக்குத் திரும்பிப் போய்விட்டது. "அடுத்தவன் பொருளை வச்சிக்கினு கண்ணி வைக்கறதா? அவன் என் தோப்பை எடுத்தான். நான் அவன் துண்டை எடுத்தா அவனுக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்? பாத்துக்கோன்னு சொல்லிட்டுப் போனான். பாத்துக்கினேன். நானே கையில குடுப்பேன்."

"யம்மா, நமக்கு இருக்கற ஒரே ஆதாரம்மா! அதைப் போயி எதிராளிகிட்டயே..."

மலர்விழி கையைக் காட்டினாள். சுபாஷ் வாயை மூடினான். மலர்விழி மலைச்சரிவைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். சின்னப்பொண்ணு கவலையே படாமல் புளியைத் தொடர்ந்தாள். பேசாமல் இருப்பவர்கள் அவளுக்குப் புதிதல்ல போலும்.

"குடுங்க" என்றாள் மலர்விழி. முகத்தில் சிரிப்பு பரவிக்கொண்டே வந்தது. "நீங்க சொல்றதுதாம்மா சரி. எல்லாரும் பாக்க, அவரு கையிலயே குடுங்க. ஒரு வார்த்தை பேச வேணாம்."

இறங்கும் வழியில் சுபாஷ் ஒரு வளைவின் கதையையும் சொல்லவில்லை. "ஆதாரத்தைத் திருப்பிக் குடுக்கற துப்பறியும் நிலையம் தமிழ்நாட்லயே நம்மளதுதான்" என்று மட்டும் கரியாலூரில் ஒருமுறையும் கள்ளக்குறிச்சியில் ஒருமுறையும் சொன்னான்.

*

திங்கட்கிழமை காலை. கோர்ட் வளாகத்து வராண்டா. கறுப்புக் கோட்டுகள், கட்டுகள், டீத்தூக்கோடு ஓடும் ஆட்கள். நிர்மலாவுக்கு நேற்றே போனில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. கேட்டதிலிருந்து நகம் கடித்துக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, துணிப்பையோடு நின்றாள்.

தனசேகரன் காரிலிருந்து இறங்கி வந்தார். கட்டுமஸ்தான ஆள், இடதுபக்கம் சாய்ந்த நடை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் புத்தம்புது வெள்ளைத் துண்டு. அது தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. பக்கத்தில் அவருடைய வக்கீல், தலை நரைத்த நிதானமான மனிதர்.

"இன்னா சின்னப்பொண்ணு, இன்னிக்காவது வந்தியே" என்றார் தனசேகரன், வராண்டாவுக்கே கேட்கிற மாதிரி. "கோர்ட்டு எங்கன்னு கண்டுபிடிச்சிட்டியா?"

சின்னப்பொண்ணு நேரே நடந்து போனாள். பையிலிருந்து மஞ்சள் துண்டை எடுத்தாள். இரண்டு கையாலும் நீட்டினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

சுபாஷ் கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணுக்கு வெளியே ஒரு சத்தம் கேட்டது. ஆனந்தக் கூச்சல்.

"அடடடா! என் துண்டு! எம் பொண்ணு வளைகாப்புக்கு சம்மந்தி வூட்ல எடுத்ததுய்யா இது! ஆரணியில சொல்லி நெய்ஞ்சது! இதைத் தொலைச்சிட்டு வந்ததுக்கு வூட்ல இன்னிய வரைக்கும் எனக்குப் பேச்சு!" வெள்ளைத் துண்டை உதறி எறிந்துவிட்டு மஞ்சளைத் தோளில் போட்டுக்கொண்டார். அது சரியாமல் நின்றது. ஆளே ஒரு சுற்றுப் பெருத்த மாதிரி இருந்தது. வக்கீலிடம் மாங்காயை விரித்துக் காட்டினார். பக்கத்துக் கட்சிக்காரரிடமும் காட்டினார்.

"அழகா இருக்குதுண்ணே" என்றாள் மலர்விழி, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற குரலில். "எங்க வுட்டீங்க?"

"இங்கதாம்மா! இதே கோர்ட்டுலதான்! இந்தம்மா கேஸு தள்ளுபடி ஆச்சே, அன்னிக்கித்தான். பெஞ்சுல போட்டுட்டு உள்ள போனேன், திரும்பி வந்து பாத்தா துண்டக் காணும்!"

அவருடைய வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார்.

"அன்னிக்கி இந்தம்மா மலையை விட்டு எறங்கவே இல்லைன்னு சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்தீங்களே?" என்றாள் மலர்விழி. "எறங்காதவங்க கைக்கு உங்க துண்டு எப்படிண்ணே வந்துது?"

சுபாஷ் கண்ணைத் திறந்தான். டீ கொண்டுபோகிறவர் நின்றுவிட்டார். ஒரு குமாஸ்தா பேனாவை மூடாமலே பைக்குள் வைத்தார்.

"கோர்ட்ல வுட்டிருந்தா, அந்தம்மா கோர்ட்டுக்கு வந்திருக்காங்க. வேற எங்கியாவது வுட்டிருந்தா, அந்த எடத்துல அவங்க கூட நீங்க இருந்திருக்கீங்க. எதுன்னு நீங்களே சொல்லுங்க. எங்களுக்கு எதுவா இருந்தாலும் சரி."

தனசேகரன் துண்டைத் தொட்டார். அது திடீரென்று சுடுவதுபோலக் கையை எடுத்தார். "அது... காத்துல பறந்திருக்கும்."

"காத்துல பறந்து, கரியாலூர் வளைவெல்லாம் திரும்பி, வெள்ளிமலை வரைக்கும் ஏறிச்சாண்ணே?" என்றான் சுபாஷ். சரியான நேரத்தில் அவன் வாய் திரும்பி வந்துவிட்டது. "எங்க பஸ்ஸே அந்த ஏத்தத்துல நின்னு நின்னுதான் போகும்!"

வராண்டா சிரித்தது. தனசேகரன் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் தூணைப் பார்த்தார். வழி ஒன்றும் புலப்படாமல், தனசேகரன் படார் என்று திரும்பி, காரை நோக்கி விறுவிறுவென நடந்தார்.

"நில்லுங்க!"

கேட்டிலிருந்து ஒரு குரல். சிவப்பு நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, சாவிக்கொத்து குலுங்கச் சின்னதுரை ஓடிவந்தார். தனசேகரனைக் கடந்து ஓடினார். கடந்ததும் ஏதோ தட்டுப்பட்டு நின்றார். திரும்பிவந்து அவருடைய முகத்தைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். பிறகு பின்பக்கமாகப் போய் நின்று பார்த்தார்.

"ரெண்டடி நடங்க... அதேதான்! இந்தச் சாய்வு! இந்த முதுகு! இவருதாங்க!" நாற்காலியைக் கீழே வைத்து எல்லாரையும் கூப்பிட்டார். "மூஞ்சியை வச்சி கேட்டா எனக்குத் தெரியாது. பின்னாடி வச்சி கேளுங்க, எந்தக் கோர்ட்ல வேணாலும் சொல்லுவேன்!"

சிரித்துச் சிரித்து நிர்மலாவின் கையிலிருந்த கட்டே அவிழ்ந்தது. சின்னப்பொண்ணு மட்டும் சிரிக்கவில்லை. கீழே கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து, தூசி தட்டி, மடித்து, தனசேகரனின் கையில் கொடுத்தாள்.

"இதையும் வுட்டுட்டுப் போறீங்க" என்றாள்.

நரைத்த வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தனசேகரா, இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசாத. உள்ள போலாம் வா" என்றார் தாழ்ந்த குரலில்.

உள்ளே அவர் எழுந்து, மேல்முறையீட்டை அனுமதிப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றார். நீதிபதி ஆச்சரியத்தோடு நிமிர்ந்தார். மனுவில் மஞ்சள் காமாலை என்றல்லவா இருக்கிறது என்று கேட்டார். நிர்மலா எழுந்தாள். அது மனுவுக்கு வந்த காமாலை, வாதிக்கு வந்ததல்ல என்று தொடங்கி, பஸ் ஸ்டாண்டிலிருந்து துண்டு வரை நடந்தது முழுவதையும் சொன்னாள். சின்னப்பொண்ணுவும் சின்னதுரையும் வராண்டாவிலேயே கையெழுத்திட்ட வாக்குமூலங்களையும் கொடுத்தாள். நீதிபதி நடுவில் ஒருமுறை கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தும்மல் என்று நிர்மலா சொல்கிறாள். சுபாஷ் அப்படி நினைக்கவில்லை.

மேல்முறையீடு அனுமதிக்கப்பட்டது. தள்ளுபடி உத்தரவு ரத்தானது. வழக்கு மறுபடி முன்சீப் கோர்ட்டின் கோப்புக்குப் போனது.

அடுத்த ஆனியில் சின்னப்பொண்ணு சாட்சி சொன்னாள். அதற்கடுத்த வருடம் தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. வேலி பழைய இடத்துக்குப் போயிற்று. தோப்பில் இப்போது அவள்தான் பழம் இறக்குகிறாள். நிர்மலா தன் கட்சிக்காரர் யாருக்கும் காமாலை எழுதுவதில்லை. பழைய வக்கீல் இப்போதும் எழுதுகிறார். சின்னதுரையின் நாற்காலியைக் கோர்ட் வாங்கிக்கொள்ளவில்லை. அது மண்டபத்து ஸ்டோர் ரூமிலேயே இருக்கிறது, கேட்டால் காட்டுவார். சுபாஷுக்கும் மலர்விழிக்கும் அதே மாடி, அதே ஜன்னல். தனசேகரன் கரும்பு பார்த்துக்கொண்டு ஊரில்தான் இருக்கிறார். மஞ்சள் துண்டு அவரிடமே இருக்கிறது. எங்கே உட்கார்ந்தாலும் அதை மடியிலேயே வைத்துக்கொள்கிறார்.